பில் கேட்டேன், “ரகசியம் சார்” என்றார்கள்

போன வாரம் புதுச்சேரிக்குப் போன பஸ், என் பையனுக்கு வைத்தியம் என்று எங்களை ஏமாற்றிய மனநல ஆலோசனை மையம் இருக்கும் தெருமுனையில் நின்றபோது எட்டிப் பார்த்தேன். பெயர்ப்பலகையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். ‘மாணவர்களுக்குச் சிறப்பு ஆலோசனை’ என்று புதிதாக ஒரு வரி. அதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். புகார் கொடுத்திருப்பதால் இடத்தின் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர்கள் பேசிய பேச்சை அப்படியே எழுதுகிறேன். வேறு ஊரில் வேறு பலகைக்குக் கீழேயும் இதே பேச்சு காதில் விழலாம்.

எங்களுக்குக் கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் பக்கம். பையன் பிளஸ் ஒன். தீபாவளிக்கு அப்புறம் பள்ளிக்கூடம் போவது குறைந்தது. முதலில் வயிற்றுவலி என்றான், பிறகு காரணமே சொல்வதில்லை. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து பார்த்தால் கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பான். “செல்போனைப் பிடுங்கு, சரியாயிடும்” என்றார் என் அண்ணன். பிடுங்கினோம், சரியாகவில்லை. மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டினார். அதற்கு ஐம்பது ரூபாய்தான் செலவு. நான் செய்த செலவைப் பார்த்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மஞ்சக்குப்பத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருப்பது தெரியாமல் இல்லை. எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள், அதனால்தான் போகவில்லை. பையனுக்கு மனநல டாக்டரிடம் சீட்டு போட்டால் சாயங்காலம் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயம். “பாண்டியில நம்மள யாருக்குங்க தெரியும்?” என்றாள் மனைவி. எனக்கும் அது சரியாகப் பட்டது. எங்களை ஏமாற்றியவருக்கு முதலீடே இந்தப் பயம்தான்.

ஏசி அறை, மேசைமேல் பிளாஸ்டிக் மூளை, பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’. என்ன படிப்பு என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பையனிடம் பத்து நிமிஷம் பேசிவிட்டு எங்களைக் கூப்பிட்டார். “இப்பவே வந்தீங்க, தப்பிச்சீங்க. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா கையை மீறிப் போயிருக்கும்.” பெற்ற வயிறு என்ன செய்யும்? 12 சிட்டிங், 18,000 ரூபாய், முழுவதும் முன்பணம். 10,000 ஜிபேயில் அனுப்பினேன். மீதி 8,000 ரொக்கமாகத்தான் வேண்டும் என்றார்கள்.

அப்புறம் ‘மூளை அலை டெஸ்ட்’ என்று தலையில் ஒரு தொப்பியை மாட்டி, கலர் கலராக ஒரு தாள் கொடுத்தார்கள். அது தனியாக 6,500. மூன்றாவது சிட்டிங்கிலிருந்து அவர் வரவே இல்லை. ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்திருந்தாள். பாவம், என்ன கேட்பதென்று அவளுக்கே தெரியவில்லை. ‘நான் வெற்றியாளன்’ என்று நூறு தடவை எழுதச் சொல்லியிருக்கிறாள். அவனும் எழுதிக் கொடுத்திருக்கிறான்.

நான்காவது வாரம் ஒரு காகிதக் கவரில் மாத்திரை கொடுத்தார்கள். அட்டையிலிருந்து பிரித்து எடுத்த சின்ன வெள்ளை மாத்திரை, பெயர் கிடையாது, சீட்டும் கிடையாது. கவரின் மேல் ‘இரவு 1’ என்று பேனாவில் எழுதியிருந்தது. சாப்பிட்ட பிறகு பையன் பகல் பதினொன்று வரை எழவில்லை, பேச்சு குழறியது. போன் செய்தால், “உடம்பு ஏத்துக்குது சார், நல்ல அறிகுறி.” நேரில் போய் மருந்துச் சீட்டும் பில்லும் கேட்டேன். “மனசு சம்பந்தப்பட்டது சார், ரகசியம். உங்க பையன் பேரு எங்கயும் பதிவாகக் கூடாதுன்னுதான் பில்லே போடறதில்ல” என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். ஆமாம், நன்றி.

பயந்துபோய் மாத்திரையை நாங்களே நிறுத்தினோம். இரண்டு நாள் தூக்கமில்லாமல் கைநடுங்கிக் கிடந்தான். அப்போதுதான் அவன் வகுப்பாசிரியர் வீட்டுக்கு வந்து 14416 என்ற எண்ணைக் கொடுத்தார். டெலி மானஸ் என்று 2022 முதல் அரசு நடத்தும் மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அவர்கள் சொல்லித்தான் புதுச்சேரி கோரிமேட்டிலிருக்கும் மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மருக்குப் போனோம். ஒரு மாதமாக ஜிப்மர் போர்டு போட்ட பஸ்ஸை விட்டுவிட்டு அந்த ஏசி அறைக்குப் போயிருக்கிறோம்.

அங்கே டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, “என்ன மாத்திரை சாப்பிட்டான்?” கவரை எடுத்து வைத்தேன். புரட்டிப் பார்த்தார். “இது என்னன்னே தெரியாம நான் எதை நம்பி அடுத்த மருந்து எழுதறது?” சில மாத்திரைகளைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், சட்டென்று நிறுத்தினால் இப்படி நடுக்கம் வரும் என்றார். எங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பையனிடம் வெகுநேரம் பேசினார். அவன் என்ன சொன்னான் என்று இங்கே எழுத மாட்டேன், ரகசியம் என்றால் அதுதான்.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மாத்திரை எழுத மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்த டாக்டராக இருக்க வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், ஆனால் அவரும் மாத்திரை எழுதக் கூடாது. அந்த ஏசி அறைக்காரரிடம் போனில் பதிவு எண் கேட்டேன். “ரினியூவலுக்கு டெல்லி போயிருக்கு” என்றார். எந்தப் பதிவு என்று கேட்டதும் போனை வைத்துவிட்டார். நோயாளியின் விவரத்தை வெளியே விடக் கூடாது என்று 2017ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்வது உண்மைதான். தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கும் உரிமையும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. அவர் முதல் பாதியை மட்டும் படித்திருக்கிறார் போல.

பையன் இப்போது வாரத்தில் நாலு நாள் பள்ளிக்கூடம் போகிறான். மாத்திரை பெயரோடு, அட்டையோடு வருகிறது.

பணம் திரும்பவில்லை. ஏமாந்தது புதுச்சேரியில் என்றாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் சட்டத்தில் இடமிருக்கிறது என்று ஒரு வக்கீல் சொன்னார். கடலூர் நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்திருக்கிறோம். ஜிபே ரசீது, கலர் தாள், அந்தக் காகிதக் கவர் மூன்றையும் இணைத்திருக்கிறேன். ரொக்கமாகக் கொடுத்த 8,000க்கு என் மனைவி மட்டும்தான் சாட்சி. அதையும் எழுதித்தான் கொடுத்திருக்கிறோம்.