புத்தகயா யாத்திரை என்று 78,000 ரூபாயை வாங்கிக்கொண்டு பாதி வழியில் விட்டுவிட்டார்கள்: பணம் கட்டும் முன் படியுங்கள்

எல்லோருக்கும் நமோ புத்தாய, ஜெய்பீம்.

ஊர் திரும்பி இன்னும் துணிமூட்டையைக்கூடப் பிரிக்கவில்லை. அம்மா காய்ச்சலில் படுத்திருக்கிறார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் அம்மாவுக்கும் தலைக்கு 39,000 வீதம் 78,000 ரூபாய் கட்டினோம். அம்மா சத்துணவுக் கூடத்தில் சமையலராக இருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணமும், சீட்டு கட்டிச் சேர்த்ததும் அதில் இருக்கிறது. பௌத்தத் தலங்கள் எல்லாவற்றையும் காட்டுகிறோம் என்று கூட்டிப்போனவர்கள் எங்களைக் கோரக்பூர் ரயில் நிலைய வாசலில் பெட்டியோடு இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

வக்கீல் இப்போதைக்குப் பெயர் போட வேண்டாம் என்கிறார். அதனால் போடவில்லை. வடசென்னையில் மாடியில் ஒற்றை அறை ஆபீஸ், பௌத்த யாத்திரை மட்டுமே நடத்துவதாகச் சொல்லிக்கொள்ளும் டிராவல்ஸ், அவ்வளவு சொன்னால் போதும். யாத்திரை போக நினைப்பவர்கள் என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

முதலில் அவர்களை எப்படி நம்பினோம் என்று சொல்ல வேண்டும். பௌர்ணமி வந்தனைக்கு எங்கள் பகுதியில் கூடுவோம். அங்கேதான் அந்த டிராவல்ஸ் நடத்துகிற ஆள் வந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் பஞ்சசீலக் கொடி என்கிற பௌத்தக் கொடியின் நிறத்தில் துண்டு. எல்லோரோடும் உட்கார்ந்து சரணமும் பஞ்சசீலமும் பாலியில் பிசிறில்லாமல் சொன்னார். திருடுவதில்லை என்ற சீலத்தையும், பொய் பேசுவதில்லை என்ற சீலத்தையும் கண்ணை மூடிக்கொண்டு சொன்ன வாய் அது. அப்புறம் வீட்டுக்கே வந்தார். சுவரில் இருந்த பாபாசாகேப் அம்பேத்கர் படத்தை வணங்கினார், அம்மா காலைத் தொட்டார். "அம்மா, நீங்க போதி மரத்தடியில உக்காந்து கண்ண மூடுங்க, மிச்சத்த இந்தப் பையன் பாத்துக்கறேன்" என்றார். அம்மா "தம்பி, தம்பி" என்று உருகிப்போய் அன்றைக்கே முன்பணம் கொடுத்தார். பத்து நாள் கழித்து மீதியும் போனது. ரோஸ் நிறத் தாளில் ரசீது, அதில் ஊதா மையில் தாமரை முத்திரை, "முழுத்தொகை பெறப்பட்டது" என்று கையெழுத்து. அந்தத் தாள் இப்போதும் என் கையில் இருக்கிறது.

நோட்டீஸில் போட்டிருந்தது: ராஜகிருகம், நாலந்தா, புத்தகயா, சாரநாத், குஷிநகர், லும்பினி, சிராவஸ்தி. போக வர மூன்றடுக்கு ஏசி ரயில், ஏசி பஸ், கோயிலுக்குப் பக்கத்திலேயே தங்கல், தமிழ்ச் சமையல், கூடவே ஒரு பந்தே, அதாவது பௌத்த பிக்கு. பந்தே கடைசி வரை வரவில்லை. "தானாப்பூர்ல சேர்ந்துக்குவார்" என்றார்கள், அப்புறம் "கயாவுல", அப்புறம் பேச்சையே மாற்றினார்கள்.

பெரம்பூரில் சங்கமித்ரா எக்ஸ்பிரஸில் ஏறினோம். போதி மரக் கிளையை இலங்கைக்குக் கொண்டுபோன அசோகரின் மகள் பெயர் அந்த வண்டிக்கு, அம்மாவுக்கு அதிலேயே பாதி மனசு நிறைந்துவிட்டது. ஆனால் டிக்கெட் ஏசி இல்லை, சாதாரண ஸ்லீப்பர். கேட்டதற்கு "வரும்போது ஏசி, கவலைப்படாதீங்க" என்று பதில். ராஜகிருகத்தில் கழுகு மலைக்கு நேரமில்லை என்று அடிவாரத்திலேயே பஸ்ஸைத் திருப்பினார்கள். புத்தர் பெருமான் உபதேசம் செய்த மலையைக் கீழே நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

புத்தகயாவில் நடந்ததை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. தங்க வைத்தது புத்தகயாவிலேயே இல்லை, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி கயா நகரத்தில், ஸ்டேஷனை ஒட்டிய லாட்ஜில். மகாபோதி கோயில் விடியற்காலையே திறந்துவிடும், இருட்டிய பிறகும் வெகுநேரம் திறந்திருக்கும். பக்கத்தில் தங்கியிருந்தால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். எங்களைக் கொண்டுபோனது நண்பகலுக்கு மேல். வாசலில் வைத்து அந்த ஆள் "சிறப்பு நுழைவுக் கட்டணம்" என்று தலைக்கு 500 ரூபாய் தனியாக வசூல் செய்தார். நம் ஊர்க் கோயில்களில் சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கிப் பழகியவர்கள்தானே, வயதானவர்கள் எல்லோரும் சுருக்குப்பையை அவிழ்த்துக் கொடுத்தார்கள். உள்ளே போகக் கட்டணமே கிடையாது! செல்போன் கொண்டுபோகக் கூடாது, சோதனை உண்டு, அவ்வளவுதான். காவலாளியிடம் அரைகுறை இந்தியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். திரும்பிக் கேட்டபோது "அது கைடுக்கு" என்றார். எந்த கைடு?

அரச மரத்தடியில் பல நாட்டுக்காரர்கள் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். திபெத்தியப் பாட்டிகள் பலகை போட்டு விழுந்து வணங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா, பெருமான் ஞானம் பெற்ற இடத்தில் இருக்கிற வஜ்ராசனம் என்கிற கல்பீடம் தெரியும்படி ஒரு மூலையில் துண்டை விரித்து உட்கார்ந்தார். மரத்திலிருந்து இலை விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம், பறிக்கக் கூடாது. அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, அந்த ஆளின் உதவியாளன் வந்து "கிளம்புங்க, கிளம்புங்க, பஸ் பார்க்கிங் காசு ஏறுது" என்று கை தட்டினான். பிரார்த்தனையில் இருக்கிற கிழவியைப் பார்த்துக் கை தட்டுகிறான். வாழ்நாள் முழுக்க அம்மா காத்திருந்த இடம் அது.

சாரநாத்துக்கு வெள்ளிக்கிழமை கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கே அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அசோகரின் நான்முகச் சிங்கம் அதற்குள்தான் இருக்கிறது. நம் பணத்தாளில் எல்லாம் அச்சாகிற அந்தச் சிங்கத்தைப் பூட்டிய கேட்டோடு விட்டுவிட்டு வந்தோம். யாத்திரை நடத்துவதாகச் சொல்பவனுக்கு இது தெரியாதா? தாமேக் தூபியைச் சுற்றி வந்ததும், 1931-இல் அநகாரிக தர்மபாலர் கட்டி முடித்த மூலகந்தகுடி விகாரையின் சுவரோவியங்களைப் பார்த்ததும்தான் மிச்சம்.

குஷிநகரில் நல்ல பனி. இருபதடி நீளத்துக்குப் படுத்திருக்கிற பெருமானைப் பார்த்து அம்மா அழுதார். 1956 அக்டோபர் 14-இல் நாக்பூரில் பாபாசாகேபுக்குத் தீட்சை கொடுத்த சந்திரமணி மகாதேரர் வாழ்ந்த பர்மிய விகாரை அந்த ஊரில்தான் இருக்கிறது. அங்கே போக வேண்டும் என்று கிளம்பும் முன்பே சொல்லியிருந்தோம், சரி என்றும் சொல்லியிருந்தார்கள். போகவில்லை. "அது லிஸ்ட்ல இல்லையே அக்கா."

மறுநாள் லும்பினிக்கு என்று சுனௌலி எல்லை வரை பஸ் போனது. அங்கே வைத்துத்தான் டிரைவர் சொல்கிறார், இந்த பஸ்ஸுக்கு நேபாளம் போகப் பெர்மிட்டே எடுக்கவில்லை என்று. எல்லையிலிருந்து லும்பினி முப்பது கிலோமீட்டருக்குள்தான். தனி ஜீப் என்றால் தலைக்கு இவ்வளவு என்று அந்த ஆள் புதுக் கணக்கு ஆரம்பித்தார். சண்டை வந்தது. பெருமான் பிறந்த ஊர் என்பதற்காக லும்பினி மக்களுக்கு வரியைத் தள்ளுபடி செய்ததாக அங்கே தூணில் வெட்டி வைத்திருக்கிறார் அசோகர். அந்த ஊரின் பெயரைச் சொல்லி ஏழைகளிடம் இரண்டு முறை காசு கேட்கிறார்கள் இவர்கள். பஸ் கோரக்பூருக்குத் திரும்பியது. "ஆபீஸ்ல பேசிட்டு வர்றேன்" என்று இறங்கிய ஆள் வரவேயில்லை. போன் சுவிட்ச் ஆஃப். தனக்கு வாடகை பாக்கி என்று சொல்லி டிரைவர் பெட்டிகளை இறக்கினார்.

திரும்பும் டிக்கெட்? எங்களிடம் இருந்தது ஒரு ஸ்கிரீன்ஷாட். "குரூப் டிக்கெட், சார்ட் போட்டால்தான் பெர்த் நம்பர் வரும்" என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஸ்டேஷனில் ஒரு கல்லூரிப் பையன் தன் போனில் அடித்துப் பார்த்துச் சொன்னான், எல்லாமே வெயிட்டிங் லிஸ்ட். ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் முழுக்க வெயிட்டிங்கில் இருந்தால் தானாக ரத்தாகிவிடும், பணம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அந்தக் கணக்குக்கே போய்விடும். அதாவது நாங்கள் நடைமேடையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எங்கள் டிக்கெட் பணம் அவர்களுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. கடன் வாங்கித் தட்கலில் ராப்தி சாகர் பிடித்து வந்தோம். அந்தச் செலவை நான் 78,000-இல் சேர்க்கவேயில்லை.

வந்த பிறகு நடந்தது இன்னும் மோசம். முதல் போனில் "பனிமூட்டம் அக்கா, இயற்கைக்கு நாங்க என்ன பண்றது" என்றார். பெர்மிட் எடுக்காததற்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்? ஆபீஸுக்குப் போனால் மேசையில் ஒரு பெண், "சார் மீட்டிங்ல இருக்கார், வெள்ளிக்கிழமை வாங்க." வெள்ளிக்கிழமை போனால் பூட்டு. அடுத்து "ரயில்வே ரீஃபண்ட் வந்ததும் ஜிபே பண்றோம்" என்று ஒரு மெசேஜ். 78,000 ரூபாய் பற்றிக் கேட்டால் ரயில் காசு பற்றிப் பேசுகிறார்கள், அதையும் கொடுக்கவில்லை. கடைசியில் அம்மாவே போனை வாங்கிப் பேசினார். அவரிடம் சொன்ன பதில்: "யாத்திரைன்னா கஷ்டம் இருக்கும்மா. புத்தரே பட்டினி கிடக்கலையா?" பட்டினியால் பயனில்லை என்று அதை விட்டு எழுந்து, சுஜாதை கொடுத்த பால்சோற்றை வாங்கி உண்டவர் பெருமான். அதை அந்த ஆளுக்கு எடுத்துச் சொல்ல அம்மாவுக்கு மூச்சு இல்லை, இருமல். அன்று மாலையே எங்கள் இருவரையும் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

காவல் நிலையத்தில் முதலில் "இது சிவில் மேட்டர்மா" என்று அனுப்பப் பார்த்தார்கள். நின்று பேசி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்திலும் போடுகிறோம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்கிறார்கள்.

கவனிக்க வேண்டியதை விரிவாக எழுத நினைத்தேன், அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், அவசரத்தில் இவ்வளவுதான். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், பி.என்.ஆர். நம்பரை வாங்கி நீங்களே பாருங்கள். முழுப் பணத்தையும் கிளம்பும் முன்பே கொடுக்காதீர்கள். தங்கும் இடத்தின் பெயரைக் கேட்டு அங்கேயே போன் போட்டு உறுதி செய்யுங்கள். மகாபோதி கோயிலுக்குள் போகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். லும்பினி உண்டு என்றால் பஸ் பெர்மிட்டைக் காட்டச் சொல்லுங்கள், நீங்கள் வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாலியில் ஓதுகிறார் என்பதற்காக யாரிடமும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அதே ஆட்கள் அடுத்த பௌர்ணமிக்கு இன்னொரு குரூப் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வடசென்னை, அரக்கோணம் பக்கம் யாராவது முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே பி.என்.ஆர். கேளுங்கள். எங்களோடு கோரக்பூரில் இறங்கியவர்கள் இதைப் படித்தால் ரோஸ் ரசீதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். தனித்தனியாகப் போனால் விரட்டுகிறார்கள், புகாரைச் சேர்ந்தே கொடுப்போம்.