சட்டம் முதலா, உளவியல் முதலா?

போன மாதம் ஏற்காட்டிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பிளஸ் டூ முடித்தவள். "அக்கா, எனக்குச் சட்டமும் வேணும், சைக்காலஜியும் வேணும். படிச்சு முடிச்சு காலேஜ்ல பாடம் எடுக்கணும். எதை முதல்ல படிக்கறதுங்க?" நான் சேலம் அஸ்தம்பட்டி கோர்ட்டில் வக்கீல்; சட்டக் கல்லூரியிலும் வகுப்பு எடுக்கிறேன். அரை மணி நேரம் பேசியும் சொல்ல வேண்டியது முடியவில்லை. இவளைப் போல இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் சட்டமும் உளவியலும் ஒரே திட்டமாக 1974-லிருந்து நடக்கிறது. நமக்கு இரண்டையும் நாமேதான் கோத்துக்கொள்ள வேண்டும். சேலத்தை விட்டு நகராமலே கோக்கலாம். சட்டத்துக்கு அரசு சட்டக் கல்லூரியும் ஏற்காடு போகிற வழியில் சென்ட்ரல் லா காலேஜும் இருக்கின்றன. கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழக உளவியல் துறை இருக்கிறது.

முதல் வழி நான் போனது. ஐந்து வருட பி.ஏ., எல்.எல்.பி., இரண்டு வருட எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலை, அதன் பின் தபால் வழியில் எம்.ஏ. சைக்காலஜி. அப்போது இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பட்டம் இருந்தாலும் அதில் சேர முடிந்தது; 2025-லிருந்து தபால் வழியில் உளவியல் சேர்க்கை இல்லை, நேரடி வகுப்பில்தான் படிக்க வேண்டும். ஆக ஒன்பது வருடம். இரண்டாவது வழியில் பி.எஸ்சி. சைக்காலஜி மூன்று, எம்.எஸ்சி. இரண்டு, எல்.எல்.பி. மூன்று என்று எட்டு வருடம். முனைவர் பட்டம் இரண்டிலும் தனிக் கணக்கு.

வருடக் கணக்கை விட முக்கியமான ஒன்று உண்டு. உதவிப் பேராசிரியர் வேலைக்கு அந்தந்தப் பாடத்தில் முதுகலை வேண்டும், 55 சதவீதம் வேண்டும், நெட், செட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வுகளில் ஒன்றில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். எல்.எல்.பி.யை மட்டும் வைத்துக்கொண்டு சட்டத் துறையில் அந்தப் பதவிக்குப் போக முடியாது. எந்தத் துறையில் உட்காரப் போகிறோம் என்பதை முதுகலைதான் தீர்மானிக்கிறது. இதை இளங்கலை சேரும்போதே யாராவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

சட்டப் பக்கம் இருப்பவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. மத்திய அரசின் 1979 விதிப்படி, தொழில் செய்யும் வக்கீல் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் வரை சட்டம் கற்பிக்கலாம். உளவியல் துறையில் முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்ந்தவர் கோர்ட்டில் வாதாட முடியாது. அந்தச் சலுகை சட்டம் கற்பிப்பவருக்கு மட்டும்தான்.

இதை மட்டும் பார்த்தால் சட்டமே மேல் என்று தோன்றும். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்று. சாட்சி, பூக்கட்டும் ஒரு பாட்டி. எங்கள் தரப்பு, "ஆட்டோ இடிச்சப்போ எவ்வளவு வேகத்துல வந்துச்சுங்க பாட்டி?" என்று கேட்டது. "வேகமாத்தான் வந்துச்சு சாமி." இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில், "ஆட்டோ உரசினப்போ வேகம் எப்படி இருந்துச்சு?" என்றார். பாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, "மெதுவாத்தான் வந்துச்சு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்தவள் நான். இரண்டு முறையும் நினைவில் வந்ததைத்தான் சொன்னார்.

அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-லேயே இதைச் சோதித்துக் காட்டிவிட்டார்கள். விபத்துப் படத்தைக் காட்டி, கார்கள் 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்று கேட்டால் சராசரிப் பதில் மணிக்கு 40.5 மைல். 'தொட்டபோது' என்று கேட்டால் 31.8. இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. 'நொறுங்க' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள்.

உரசுச்சு, தட்டுச்சு, இடிச்சுது, மோதுச்சு, தூக்கி அடிச்சுது. தமிழில் எந்தச் சொல் சாட்சியின் நினைவை எவ்வளவு நகர்த்துகிறது? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. எல்.எல்.எம்.மில் எனக்குத் தீர்ப்புகளை அலசக் கற்றுக்கொடுத்தார்கள். ஆட்களைக் குழுக்களாகப் பிரித்துச் சோதனை நடத்தவோ, வந்த எண்களைப் புள்ளியியலில் போட்டுப் பார்க்கவோ அங்கே நான் கற்கவில்லை. தபால் வழி எம்.ஏ.யும் எனக்கு அந்தக் கைப்பழக்கத்தைத் தரவில்லை. உளவியல் துறையில் நாலு வருடம் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தவரிடம் அது இருக்கிறது.

சட்டத்துக்கும் அவர்கள் தேவை. கொடுங்குற்றத்தில் சிக்கிய 16 முதல் 18 வயதுப் பிள்ளையின் மனமுதிர்ச்சியை மதிப்பிடும்போது, சிறார் வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் குழந்தை உளவியலோ குழந்தை மனநல மருத்துவமோ படித்த உறுப்பினர் இல்லையென்றால், நிபுணர் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது. அந்த அறிக்கையை எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுக்க, இரண்டும் தெரிந்த ஆசிரியர் வேண்டும்.

காந்திநகரில் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் எம்.எஸ்சி. தடய உளவியல், அதாவது குற்ற விசாரணைக்கு உதவும் உளவியல், நடத்துகிறது. ஆய்வகத்துக்கும் போலீஸ் துறைக்கும் போக நினைப்பவருக்கு நல்லது. பாடம் எடுக்க நினைப்பவருக்கு நான் அதை முதலில் சொல்ல மாட்டேன்.

சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பது கேள்வியானால் என் வழியில் வரலாம். மனம் எப்படி வேலை செய்கிறது என்பது கேள்வியானால் கருப்பூருக்குப் போக வேண்டும், எல்.எல்.பி.யைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கோர்ட்டில் வாதாடும் வாய்ப்பு போகும். அது சின்ன இழப்பல்ல. ஆனாலும் இன்று எனக்கு 17 வயது என்றால் இரண்டாவது வழியைத்தான் எடுப்பேன்.

அந்தப் பெண்ணிடம் எதையும் முடிவாகச் சொல்லவில்லை. ஒருநாள் கோர்ட்டுக்கு வரச் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை மலையிறங்கி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். மதியம் அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். வழக்கு எண்ணும் இல்லை, சட்டப் பிரிவும் இல்லை. வக்கீல்கள் கேட்ட கேள்விகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் வினைச்சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருந்தாள்.