நாகர்கோவில்ல ஹார்ட் டிஸ்க் வாங்கப் போறவங்க இத படிச்சிட்டு போங்க

மக்களே, வீட்டுல சொந்தமா கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணி அதுல ரெய்டு (RAID, ஒண்ணுக்கு மேல டிஸ்க்க சேத்து ஒண்ணா ஓட விடுறது) போடணும்னு நினைக்கிறவங்க, குறிப்பா நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கடையில டிஸ்க் வாங்கப் போறவங்க தயவு செஞ்சு முழுசா படிங்க. புதுசுன்னு சொல்லி எனக்கு வித்த ரெண்டு டிஸ்க்கும் பழசு. எங்கேயோ வருசக்கணக்கா ஓடித் தேஞ்சத, ஓடின மணிக்கணக்க அழிச்சிட்டு புது கவர்ல போட்டு குடுத்திருக்காங்க.

நான் தக்கலை பக்கம் கல்யாண வீடியோ எடிட் பண்றவன். இப்ப எல்லாமே 4கே, ரெண்டு மூணு கேமரா, கூட ட்ரோன், ஒரு வீட்டு ஃபுட்டேஜே 300, 400 ஜிபி வந்திருது. ஒரு டிஸ்க் செத்தாலும் இன்னொண்ணுல அப்படியே இருக்கணும்னு ரெய்டு 1, அதாவது ரெண்டுலயும் ஒரே டேட்டா எழுதுற மிரர், உபுண்டு ஓஎஸ்ல mdadm-ங்கற ரெய்டு சாஃப்ட்வேர் வச்சு போட்டேன். போர்டு, ப்ராசஸர், எஸ்எம்பிஎஸ் எல்லாம் வேற எடத்துல வாங்கினது, அதுல இன்னைக்கு வரை ஒரு குறையும் இல்ல. 4 டிபி டிஸ்க் ரெண்டு மட்டும் நாகர்கோவில்ல ஒரு கடையில. "சீல் பிரிக்காத சாதனமாக்கும் அண்ணே, நம்பி எடுங்க"ன்னு கடைக்கார தம்பி சொன்னான். வீட்டுல கொண்டு வந்து ஸ்மார்ட் (SMART) ரிப்போர்ட், அதாவது டிஸ்க் தன் நிலைமைய தானே குறிச்சு வைக்கிற கணக்கு, பாத்தேன், ஓடின நேரம் ஒத்தை இலக்க மணி, அவ்வளவு தான். யாரு பாத்தாலும் புதுசுன்னு தான் சொல்லுவாங்க.

சில மாசம் நல்லா ஓடுச்சு. பொறவு ஒருநாள் காலையில மெஷின் இழுத்து இழுத்து வேல செஞ்சுது, ஸ்டேட்டஸ் எடுத்துப் பாத்தேன். மிரர் நல்லா இருந்தா சதுர அடைப்புக்குள்ள ரெண்டு U எழுத்து சேந்து [UU]ன்னு நிக்கும், அன்னைக்கு ஒரு U-வும் பக்கத்துல ஒரு அடிக்கோடும் தான் நின்னுச்சு. ஒரு டிஸ்க் அவுட். சரி, இதுக்குத் தானே ரெய்டு போட்டோம்னு வேற எடத்துல இருந்து புது டிஸ்க் வாங்கி மாட்டி ரீபில்ட் போட்டேன். ரீபில்ட்னா மிச்சம் இருக்கற டிஸ்க்க மொதல்ல இருந்து கடைசி வரை ஒரு எடம் விடாம படிச்சு புது டிஸ்க்குல எழுதணும், 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும், டிஸ்க்குக்கு அது பெரிய பாரம். பாதி தாண்டினதும் அந்த ரெண்டாவது டிஸ்க்குலயும் ரீட் எரர் வரிசையா வர ஆரம்பிச்சு ரீபில்ட் நின்னு போச்சு.

ரெண்டும் ஒரே நேரத்துல சாகாதுங்கற நம்பிக்கையில தான் மிரரே நிக்குது. ஒரே எடத்துல ஒரே அளவு ஓடித் தேஞ்ச ரெண்டு பழைய டிஸ்க்க ஜோடியா குடுத்தா அந்த நம்பிக்கையே உடஞ்சு போகுது, இத தெரிஞ்சே செய்யுறாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆத்திரம்.

டெலிவரி குடுத்த கல்யாணம் எல்லாம் எக்ஸ்டர்னல்ல தனியா இருக்கு. குடுக்காத ஒரு வீட்டோட ரிசப்ஷன் பாதி போச்சு. அந்த வீட்டம்மாகிட்ட போன்ல சொல்லும்போது பட்ட வெப்ராளம் எனக்கு தான் தெரியும்.

வாரண்டிக்கு கம்பெனி சைட்ல சீரியல் நம்பர் போட்டேன், எப்பவோ முடிஞ்சு போச்சுன்னு வருது. அங்க தான் சந்தேகம் வந்துச்சு. என்னோடது சீகேட் டிஸ்க், அதுல ஸ்மார்ட்ட தவிர ஃபார்ம் (FARM)னு தனியா ஒரு லாக், அதாவது டிஸ்க் உள்ளயே எழுதி வைக்கிற பதிவு, உண்டு, smartmontools-ங்கற சாஃப்ட்வேர்ல 7.4 வெர்ஷன்ல இருந்து அத படிக்கலாம். ஸ்மார்ட்டுல மணிக்கணக்க அழிச்சவன் அங்க கை வைக்கல. அதுல 31,000 மணிக்கு மேல காட்டுது, ஒரு வருசத்துக்கே 8,760 மணி தான், கணக்கு போட்டா மூணரை வருசம் நிறுத்தாம ஓடியிருக்கு. ரெண்டு டிஸ்க்கும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு. பொறவு வெளிச்சத்துல வச்சு பாத்தா சைடுல திருகு போடுற ஓட்டையச் சுத்தி பெயிண்ட் தேஞ்சிருக்கு, சாட்டா கேபிள் சொருகுற தங்கப் பின்னுல நீளமா கீறல். நான் ஒரு தடவ சொருகினதுக்கு அப்படி விழாது. கம்பெனி மேல நான் குத்தம் சொல்லல, நடுவுல வாங்கி விக்கிறவன் பண்ற வேல இது. 2025 ஆரம்பத்துல ஜெர்மனியிலயும் இதே மாதிரி பழைய டிஸ்க் புதுசா வித்தது பெரிய செய்தியா வந்துச்சு, சியாங்கற, டிஸ்க் எடத்த வச்சு எடுக்கற கிரிப்டோ காயின் மைனிங்ல ஓடினதா இருக்கலாம்னு சந்தேகப்பட்டாங்க, அங்கயும் ஃபார்ம் லாக் வச்சு தான் கண்டுபிடிச்சாங்க.

கடைக்கு கொண்டு போனேன். மொதல்ல "கரண்டு ஏறி எறங்கி அடிச்சிருக்கும் அண்ணே, நாங்க என்ன செய்யதுக்கு?"ன்னான். யூபிஎஸ்ல ஓடுதுன்னேன். ரெய்டு போட்டதால தான் டிஸ்க் போச்சுன்னான், சுத்தப் பொய். மிரர் போட்டா டிஸ்க் சில மாசத்துல சாகும்னா உலகத்துல ஒரு சர்வரும் ஓடாது. ஃபார்ம் லாக்க பிரிண்ட் எடுத்து மேசையில வச்சதும் பேச்ச மாத்தி, இது எங்க கடையில வாங்கினதே இல்லன்னுட்டான். ஏன்னா ஜிஎஸ்டி பில்லுல "4 டிபி எச்டிடி, 2 எண்ணம்"னு மட்டும் தான் போட்டிருக்கான், சீரியல் நம்பர் இல்ல. பில் போடும்போதே கேட்டேன், சிஸ்டத்துல அப்படி வராதுன்னான். நல்லவேள கடை மேசையிலயே, பில்லையும் பக்கத்துல வச்சு கவரோட போட்டோ எடுத்து வச்சிருந்தேன், சீரியல் நம்பர் தெளிவா தெரியுது, இப்ப அது தான் எனக்கு ஆதாரம்.

தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி புகார் பதிஞ்சாச்சு. அதுல சரி வரலன்னா நுகர்வோர் கேஸ் ஆன்லைன்ல போடுற அரசு சைட்டான இ-ஜாக்ரிதி வழியா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடுவேன். இது நெறய பேருக்கு தெரியாது, 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி வக்கீல் இல்லாமலே போடலாம், 5 லட்சம் வரை குடுத்து வாங்கின பொருளுக்கு ஃபீஸ் கிடையாது, பிரச்சினை வந்து ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். கேஸ் முடியாம கடை பேர பொதுவுல எழுதல.

புதுசா வாங்குறவங்க, பைசா குடுக்குறதுக்கு முன்னாடியே கடையில நின்னு மொபைல்ல சீரியல் நம்பர் போட்டு வாரண்டி தேதி பாருங்க, அந்த நம்பர பில்லுல எழுதச் சொல்லுங்க, மாட்டேன்னா எறங்கி வந்திருங்க. ரெய்டுக்கு ரெண்டு டிஸ்க்கையும் ஒரே கடையில ஒரே நாள்ல வாங்காதீங்க.

ஏற்கனவே சீகேட் டிஸ்க் வாங்கி ஓட்டிட்டு இருக்கவங்க ஸ்மார்ட் கணக்க மட்டும் நம்பாம இன்னைக்கே ஃபார்ம் லாக் எடுங்க. ரெண்டு கணக்கும் ஒத்துப் போகலன்னா ரீபில்ட், ஸ்கேன் எதுவும் போடாதீங்க, மொதல்ல முக்கியமானத வேற டிஸ்க்குக்கு காப்பி எடுங்க, கடைக்கு போறதெல்லாம் அதுக்கு பொறவு.