ஒரே குளம், 10 வருடத்துக்கு மேல்: பிளாக்கரில் எழுதிவரும் அனுபவம்

திருநெல்வேலிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊர்க் குளத்துக்கு வரும் பறவைகளைப் பற்றி 2014 டிசம்பரில் ஒரு வலைப்பூ தொடங்கினேன். கூந்தன்குளம் சரணாலயம் அதிகத் தூரமில்லை. அங்கே தங்கும் கூழைக்கடாக்களும் சங்குவளை நாரைகளும் இரை தேடி எங்கள் குளத்துக்கும் வரும். இதுவரை 270 பதிவுகள் வந்திருக்கின்றன.

தொடங்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தத் தளத்தில் எழுதலாம்?" என்பதைத்தான். நான் பிளாக்கரிலேயே இருக்கிறேன். 1999-ல் வந்து 2003-ல் கூகுளிடம் போன பழைய தளம். காசு கட்ட வேண்டாம், ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும். வரைவை எழுதி வைத்து, எந்த நாளில் எத்தனை மணிக்கு வெளியாக வேண்டும் என்று குறித்துவிடலாம். மாதவாரியாகப் பழைய பதிவுகள் தானாக அடுக்கப்படுவது எனக்கு மிகவும் பயன்பட்டது. தோற்றம் பழையதுதான், வார்ப்புருவை, அதாவது பக்கத்தின் அமைப்பை, மாற்ற ஆசைப்பட்டால் ஹெச்டிஎம்எல் என்ற இணையப் பக்க மொழி கொஞ்சம் தெரிய வேண்டும். எழுத்து மட்டும் போதும் என்பவர்களுக்கு இதில் ஒரு குறையும் இல்லை.

தட்டச்சு பற்றி ஒன்று. முதலில் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையில்தான் எழுதினேன். 2016-ல் தமிழ்99 விசைப்பலகை பழகினேன். உயிரெழுத்து இடப்பக்கம், மெய் வலப்பக்கம். ஒரே எழுத்தை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். மூன்று வாரம் கை தடுமாறியது. அதன் பிறகு எழுதுவதே லேசாகிவிட்டது. நீண்ட நாள் எழுத நினைக்கிறவர்கள் முதல் மாதத்திலேயே இதைப் பழகிவிடுங்கள்.

இனி, தொடர்ந்து எழுதுவதற்கு வருகிறேன். 2015-ல் 58 பதிவு எழுதினேன். 2016-ன் முதல் பாதியில் வெறும் 4. சோம்பல் இல்லை, எழுத ஒன்றுமே இல்லை என்ற நிலை. முதல் வருடம் முழுக்கத் தகவலாக எழுதித் தள்ளியிருந்தேன். நத்தைகுத்தி நாரை என்ன சாப்பிடும், பட்டைத்தலை வாத்து இமயமலையை எப்படித் தாண்டி வருகிறது என்றெல்லாம். இவை ஏற்கெனவே பல புத்தகங்களில் இருப்பவைதான். எனக்குத் தெரிந்த பறவைகள் தீர்ந்ததும் பதிவும் தீர்ந்துவிட்டது.

அப்புறம்தான் முறையை மாற்றினேன். மாதத்தில் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் காலை ஆறு மணிக்குக் குளத்து மடையில் போய் உட்காருவேன். ஒன்றரை மணி நேரம். நோட்டில் மூன்றே விஷயம்: மடைப் படியில் தண்ணீர் எத்தனையாவது படியில் நிற்கிறது, எந்தப் பறவை எத்தனை, கரையில் சந்தித்தவர்கள் என்ன சொன்னார்கள். அன்று இரவே பதிவு. 200 சொல் வந்தாலும் போதும், மறுநாளைக்குத் தள்ளக் கூடாது. தள்ளினால் அந்தக் காலையின் ஈரம் போய்விடுகிறது. விஷயம் தேடி அலைவது அத்தோடு நின்றது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது.

இந்த முறைக்குப் பெரிய சோதனை சீக்கிரமே வந்தது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 மார்ச்சில் குளம் வெடித்துக் கிடந்தது, முக்குளிப்பான் ஒன்றுகூட இல்லை. சில மாதம் நிறுத்திவிடலாம் என்று கரை டீக்கடை அண்ணாச்சியிடம் சொன்னேன். "வத்துன குளத்தையும் எழுதணும்லா தம்பி. தண்ணி கெடந்தாத்தான் குளமா?" என்றார். அந்த வருடம் எழுதிய பதிவுகளைத்தான் இப்போதும் அதிகம் பேர் படிக்கிறார்கள். குளத்துக்குள் ஆடு மேய்ந்தது, பிசான நெல் பருவத்துக்கு நாற்றுப் பாவ முடியாமல் போனது, மண் அள்ளிய பள்ளங்களில் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டது என்று எல்லாம் அதில் இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18-ல் நேர் எதிர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய அந்த நாட்களில் எங்கள் குளமும் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்து கரை அரித்தது. வெள்ளம் வடிந்த பிறகு ஊர்க்காரர்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். முந்தைய வருடங்களில் டிசம்பரில் தண்ணீர் எந்தப் படியில் நின்றது என்று தெரிய வேண்டும் என்றார்கள். வலைப்பூவைத் திறந்து டிசம்பர் டிசம்பராக எடுத்துக் காட்டினேன். பறவைக்காக எழுதிய குறிப்பு ஊருக்கு உதவியது. அன்று எனக்கு உண்டான நிறைவைச் சொல்லி முடியாது.

இழப்பும் உண்டு. முதல் இரண்டு வருடப் படங்களை இலவசப் படச் சேமிப்புத் தளம் ஒன்றில் ஏற்றி, இணைப்பை மட்டும் பதிவில் கொடுத்திருந்தேன். ஒருநாள் எல்லாப் படங்களும் காணாமல் போயின. அதில் கூடு கட்டிய நீலத் தாழைக்கோழியின் படம் ஒன்று இருந்தது, வேறு பிரதி இல்லை. அதன் பிறகு எந்தப் படத்தையும் கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று என்று வைத்த பிறகுதான் ஏற்றுகிறேன். பிளாக்கரில் பதிவுகளை மொத்தமாகப் பதிவிறக்கி வைக்க வசதி இருக்கிறது. ஆனால் எனக்குக் கிடைத்த எக்ஸ்எம்எல் கோப்பில் எழுத்து மட்டும்தான் இருந்தது. படத்தைத் தனியாகத்தான் காப்பாற்ற வேண்டும்.

வாசகர் எண்ணிக்கை சில மாதம் 2,000 காட்டும், சில மாதம் 150-தான். அதைத் தினமும் பார்ப்பதை நிறுத்தியது நல்லதாகப் போயிற்று. பின்னூட்டம் வந்தால் அன்றே பதில் எழுதிவிடுவேன். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலர் குளத்தைப் பார்க்கவே வருகிறார்கள்.

போன ஞாயிறு தண்ணீர் ஏழாம் படியில் நின்றது. நாமக்கோழி 43, கூழைக்கடா 6. அன்று இரவே பதிவும் போட்டாயிற்று. அடுத்த பதிவின் வரைவில் இன்னும் ஒன்றும் இல்லை, அதை மடையில் போய் உட்கார்ந்த பிறகுதான் எழுத வேண்டும்.