ஒருநாள் குஞ்சு: நம் கையா, பக்கத்துக் கூடா?

கூட்டுப்பெட்டியைத் திறந்தால் நாலு லவ்பேர்ட் குஞ்சில் ஒன்று மட்டும் ஓரமாகக் கிடக்கும். தொட்டால் சில்லென்று இருக்கும், கழுத்தடியில் தீனிப்பை வெறுமையாக இருக்கும். எங்கள் தென்னாப்பிரிக்க டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பறவை வளர்க்கிறவர்களிடம் கேட்டால் உடனே "குஞ்சுத் தீனிப் பவுடர் வாங்கிக் கையால் ஊட்டு" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கையால் ஊட்டினாலும் சரி, பக்கத்துக் கூட்டு ஜோடியிடம் வளர்க்க விட்டாலும் சரி, முதல் வேலை ஒன்றுதான். குஞ்சை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்ற வேண்டும். குளிர்ந்த உடம்பில் தீனி செரிக்காது. சூடேறியதும் பெற்ற கூட்டிலேயே வைத்துப் பாருங்கள், சில தாய்கள் மறுபடி ஊட்டும். இரண்டு மூன்று மணி நேரத்தில் தீனிப்பை நிரம்பாவிட்டால்தான் அடுத்த யோசனை.

கையால் வளர்ப்பது என்றால் என்னவென்று பார்ப்போம். பொரித்த குஞ்சு சுமார் 3 கிராம், ஒரு ராண்ட் நாணயத்தைவிடக் கனம் குறைவு. குஞ்சை வைக்கும் சூட்டுப் பெட்டிக்குள் 36 முதல் 37 டிகிரி சூடு வேண்டும். தண்ணீர் போலக் கரைத்த பவுடர் மாவை, ராத்திரி உட்பட, இரண்டு மணிக்கு ஒருமுறை சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மாவு 39 முதல் 41 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஆறினால் தீனிப்பையில் தேங்கிப் புளிக்கும், கொதித்தால் சுட்டுவிடும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2023இல் ஒரு ராத்திரி லோட்ஷெட்டிங், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டு. பெட்டி ஆறிப்போனது, வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி வைத்துச் சமாளித்தேன். கரண்ட் வந்ததும் அவசரத்தில் மாவை மைக்ரோவேவில் வைத்தேன். மேலே இதமாக இருந்தது, நடுவில் கொதித்திருக்கிறது. கலக்காமல் ஊட்டிவிட்டேன். சில நாளில் தீனிப்பையின் தோல் சிவந்தது, அப்புறம் குஞ்சு பிழைக்கவில்லை.

ஆயா "மீலிமீல் (மக்காச்சோள மாவு) கஞ்சி போதும்டா, நாங்கள் கோழிக்குஞ்சுக்கு அதைத்தானே போட்டோம்" என்றார். கோழிக்குஞ்சு பொரித்த அன்றே தானாகக் கொத்தித் தின்னும், இது கண்கூடத் திறக்காதது. கஞ்சியில் மாவுச்சத்துதான் உண்டு. எலும்புக்கு வேண்டிய கால்சியமும் புரதமும் போதாது.

இன்னொரு ஜோடியிடம் விடுவதில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. தாய் கக்கி ஊட்டும் தீனியில் செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்களும் சேர்ந்து போகின்றன. தாய் தருவது அப்படியே எந்த டப்பாவிலும் கிடையாது. சூட்டையும் தாயே பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கூட்டுக் குஞ்சுகளுக்கும் நம் குஞ்சுக்கும் வயது இரண்டு மூன்று நாளுக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது, இல்லாவிட்டால் பெரியவை முந்திக்கொள்ளும். சுகமில்லாத கூட்டிலிருந்து மாற்றினால் நோயும் கூடவே போகும். சில பெட்டைகள் கொத்தும், அதனால் முதல் நாள் அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டும். இத்தனை இருந்தும் என் ஓட்டு இதற்குத்தான்.

ஸ்பூனா சிரிஞ்சா என்ற சண்டையில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. முதல் வாரம் 1 மில்லி சிரிஞ்சு, பிறகு ஓரம் வளைத்த ஸ்பூன். எதுவானாலும் குஞ்சின் இடப்பக்கத்து அலகோரத்திலிருந்து மெதுவாக விடுங்கள், மூச்சுக்குழாயில் ஏறினால் போச்சு.

பழகின பறவை வேண்டும் என்பதற்காக முதல் நாளே எடுப்பவர்களைத்தான் எனக்குப் புரியவில்லை. இரண்டு வாரம் தாயிடம் விட்டு எடுத்தால் கண் திறந்திருக்கும், நாலைந்து மணிக்கு ஒருமுறை ஊட்டினால் போதும், ராத்திரி நீங்களும் தூங்கலாம். எடுக்காமலே தினம் பத்து நிமிஷம் கையில் வைத்திருந்தாலும் பழகிவிடும். ரோஜா முக லவ்பேர்டுக்கு நமீபியாவும் நம் வடக்கு கேப் மாகாணமும் சொந்த ஊர், அங்கே நெசவாளர் குருவி கட்டிய கூட்டிலேகூடக் குடியேறிக் குஞ்சு பொரிக்கும். வீட்டுக் கூண்டிலும் அதற்குக் குஞ்சு வளர்க்கத் தெரியும்.

இப்போதெல்லாம் என் இரண்டு ஜோடிக்கும் ஒரே வாரத்தில்தான் கூட்டுப்பெட்டி வைக்கிறேன். ஒரு கூட்டில் பிரச்சினை என்றால் பக்கத்துக் கூட்டில் இடம் இருக்கும். பவுடர் டப்பா பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது.