கேபின் இல்லாத அறுவடை மிஷினும் ஒரு பீக் ஃப்ளோ மீட்டரும்

பெரிய மருந்துக் கடைகளில் பீக் ஃப்ளோ மீட்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள். மூச்சை எவ்வளவு வேகமாக ஊதித் தள்ளுகிறோம் என்று அளக்கும் கருவி. ஒரு சாண் நீளத்துக்குப் பிளாஸ்டிக் குழாய். ஒரு முனையில் வாய் வைக்கும் துண்டு, மேலே 60-லிருந்து 800 வரை (நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் காற்று என்ற கணக்கு) கோடு போட்ட அளவு, அதில் நகரும் சிவப்பு முள். பேட்டரி கிடையாது, சார்ஜ் போடும் வேலையும் கிடையாது. ஐநூறு ரூபாய்க்குள் வாங்கினேன். கம்பெனி பெயரை எழுதவில்லை. கீழே சொல்லும் குறைகள் இந்த விலையில் கிடைக்கும் மற்றவற்றிலும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நான் ஆத்தூர்ப் பக்கம். நெல் அறுக்கும் செயின் மிஷின் டிரைவர். பொங்கல் முடிந்ததும் மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் சம்பா அறுவடைக்குப் போய்விடுவோம். மாசி கடைசி வரை அங்கேதான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். என்னுடைய மிஷினில் கேபின் இல்லை. எதிர்க்காற்று அடித்தால் பிரச்சினை இல்லை. பின்னாலிருந்து அடித்தால், மிஷின் துப்புகிற கருக்காய் (மணி பிடிக்காத நெல்), சுணை, தூசி எல்லாம் தலைக்கு மேல் வந்து கொட்டும். பயிர் சாய்ந்து கிடந்தால் மண்ணும் சேர்ந்துகொள்ளும். சாயங்காலம் நெஞ்சு இறுக்கும், ராத்திரி படுத்தால் மூச்சில் விசில் கேட்கும். ஊருக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் தானாகவே அடங்கிவிடும். எனக்குப் பீடி, சிகரெட் பழக்கம் இல்லை.

சீசன் முடிந்து வந்தபோது நுரையீரல் டாக்டரிடம் காட்டினேன். ஸ்பைரோமெட்ரி எடுத்தார்கள். மூக்கில் கிளிப் மாட்டி, இழுத்த மூச்சை ஆறு செகண்டாவது விடாமல் ஊதச் சொல்லும் டெஸ்ட் அது. நார்மல் என்று வந்தது. மருந்தை உறிஞ்சிவிட்டு மறுபடி ஊதினேன். முதல் செகண்டில் வெளியே வரும் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமா பக்கம் பார்ப்பார்களாம். எனக்குக் கூடவில்லை. வேறு இடமாக இருந்தால் இருமல் டானிக் எழுதி அனுப்பியிருப்பார்கள். இந்த டாக்டரம்மா, "தூசியை விட்டு வந்து இத்தனை நாள் கழிச்சு ஊதினா நல்லாத்தாங்க இருக்கும். வயல்ல இருக்கும்போது என்ன ஆகுதுன்னு பார்க்கணும். இதை வாங்கிட்டுப் போய் தினமும் எழுதிட்டு வாங்க" என்று இந்தக் குழாயைக் காட்டினார்.

ஊதுவது சுலபம் மாதிரி தெரியும், ஆனால் அதில் பக்குவம் இருக்கிறது. முள்ளை அடிக்குத் தள்ள வேண்டும். எழுந்து நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, உதட்டால் குழாயை இறுக்கிப் பிடித்து, ஒரே வெடிப்பாக ஊத வேண்டும். நீளமாக ஊதுவதில் பயனில்லை, வேகம்தான் கணக்கு. விரல் முள்ளின் பாதையில் பட்டால் அது பாதியிலேயே நின்றுவிடும். நாக்கு துவாரத்தை அடைத்தாலும் அளவு தப்பும். மூன்று தடவை ஊதி அதில் பெரியதை எழுத வேண்டும். பெரிய இரண்டுக்கும் 40-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் இன்னொரு தடவை ஊத வேண்டும். ஆரம்பத்தில் கை பழகப் பழக அளவு ஏறிக்கொண்டே போகும். அதைப் பார்த்து உடம்பு தேறிவிட்டது என்று நினைக்கக் கூடாது, அந்த நாட்களைக் கணக்கில் விட்டுவிடுங்கள் என்று டாக்டரம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார்.

சர்க்கரை பார்ப்பதுபோல் காலையில் ஒரு தடவை பார்த்தால் போதாது. எழுந்தவுடன், மத்தியானம், வேலை முடிந்து, படுக்கும் முன் என்று நாளுக்கு நான்கு வேளையாவது பார்க்க வேண்டும். வேலை இருக்கும் நாள், இல்லாத நாள் இரண்டும் நோட்டில் இருக்க வேண்டும். தொழிலால் வரும் ஆஸ்துமாவைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்க மருத்துவர்கள் கையாளும் முறையே இதுதான். கடையில் இதை யாரும் சொல்வதில்லை. பெட்டிக்குள் இருக்கும் தாளிலும் இல்லை.

என் நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். மிஷின் ஓடத் தொடங்கும் முன் என்னுடைய நல்ல அளவு 480. ஓடிய நாட்களில் காலையில் 450 இருக்கும், இறங்கியதும் 400-க்குப் பக்கம் வரும், படுக்கும் முன் 370. இறங்கிய பிறகுதான் இன்னும் குறைகிறது என்பதைக் கவனியுங்கள். தூசி பட்ட நேரத்தில் ஒன்றும் செய்யாமல் சில மணி நேரம் கழித்து மூச்சுக்குழாய் சுருங்குவது உண்டாம். மாசியில் நடுவே மழை பிடித்து வயல் ஊறிப்போய் மிஷின் நின்றது. ஓனருக்கு நஷ்டம், என் நோட்டுக்கு லாபம். சும்மா கிடந்ததில் அளவு மெல்ல ஏறி 470-ஐத் தொட்டது. ஈரம் காய்ந்து மறுபடி ஏறி உட்கார்ந்தேன், இறங்கிவிட்டது. சீசன் கடைசியில் காலை அளவே 410-ஐத் தாண்டவில்லை.

இந்த எண்களைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தபோது, படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி வேலை நாளெல்லாம் பள்ளம், மழை நாளெல்லாம் மேடு. டாக்டரம்மா அதைப் பார்த்துத்தான் தினமும் உறிஞ்சும் மருந்து எழுதினார். ஆஸ்பத்திரியில் இருந்த அந்தப் பெரிய மெஷின் சொல்லாததை இந்தக் குழாய் சொன்னது. அது நான் இருந்த வயலில் இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

களத்தில் இதை ஊதுவதைப் பார்த்து, "என்னண்ணே, போலீஸ் பிடிக்கிற மாதிரி நீயே ஊதிக்கிற?" என்று பசங்கள் சிரிப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், இதைக் கண்டுபிடித்த மார்ட்டின் ரைட் என்ற ஆங்கிலேயர்தான் பின்னாளில் குடிபோதை பார்க்கும் கைக்கருவி ஒன்றையும் செய்தவர். அவர் வேல்ஸில் சுரங்கத் தூசியால் வரும் நோய்களை ஆராயும் நிலையத்தில் வேலை பார்த்திருக்கிறார். மூச்சு வேகம் அளக்கும் கருவியைப் பற்றி 1959-ல் எழுதி வெளியிட்டார். அது பெரிய வட்ட டப்பா மாதிரி இருந்தது. இப்போது நம் கையில் இருக்கும் குழாய் வடிவம் 1970-களில் வந்தது.

ஓனர் சிரிக்கவில்லை, சந்தேகப்பட்டார். "வேணும்னே மெதுவா ஊதிட்டு லீவு கேக்கப் பார்க்கறியா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மெதுவாக ஊதினால் முள் குறைவாகத்தான் காட்டும், இந்தக் கருவிக்குப் பொய் கண்டுபிடிக்கத் தெரியாது. ஒரு நாள் அளவை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் வாரக்கணக்கில் நாலு வேளையும் ஒரே சீராகப் பொய்யாக ஊதுவது, மிஷின் ஓட்டுவதைவிடக் கஷ்டம் என்று சொல்லிவிட்டு நோட்டை அவர் கையில் கொடுத்தேன்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, கூட வரும் தாள் முழுக்க ஆங்கிலம். யாருக்காக விற்கிறார்கள் என்று தெரியவில்லை. இரண்டாவது, வயல் தூசியில் முள் சிக்கிக்கொள்கிறது. மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி, உதறி, நன்றாகக் காய வைத்தால் சரியாகிவிடும். ஈரத்தோடு ஊதினால் அளவு கோணலாக வரும். ஜிப் உள்ள கவர் ஒன்றை அவர்களே வைத்திருக்கலாம். மூன்றாவது, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நகர்த்தி வைக்கும் அடையாளங்கள் லேசாக இடித்தாலே நகர்ந்துவிடுகின்றன. உங்கள் நல்ல அளவில் 80 சதவீதத்துக்கு மேல் பச்சை, 50-லிருந்து 80 மஞ்சள், அதற்குக் கீழ் சிவப்பு. எனக்குப் பச்சை 384-ல் முடிகிறது. நான் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிட்டேன். சிவப்பில் விழுந்தால் அவசரத்துக்கென்று டாக்டர் கொடுத்த மருந்தை உறிஞ்சிவிட்டு, எழுதிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

பெரிய குறை இன்னொன்று, அது கம்பெனியின் தப்பு இல்லை. இந்தக் குழாய் மூச்சுக்குழாய் சுருங்குவதை மட்டும்தான் காட்டும். எங்களோடு வந்த வைக்கோல் கட்டும் மிஷின் பையன் ஒருவன், மழையில் நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலைப் புரட்டிய அன்று ராத்திரி குளிர் நடுக்கம், காய்ச்சல், இருமல் என்று கிடந்தான். காலையில் என் மீட்டரில் ஊதச் சொன்னோம். அவன் வயசுக்கு நல்ல அளவுதான் வந்தது. அதை நம்பி வேலைக்கு ஏறப் பார்த்தான். உழவர் நுரையீரல் என்று ஒரு நோய் இருக்கிறது. இங்கிலாந்தில் 1932-லேயே காம்ப்பெல் என்ற டாக்டர் பூசண வைக்கோல் கையாண்டவர்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஈர வைக்கோல் உள்ளுக்குள் சூடேறும்போது வளரும் ஒருவகை நுண்ணுயிர்தான் முக்கியக் காரணம் என்பது 1960-களில் தெரிந்தது. தூசி பட்டு நாலு முதல் எட்டு மணி நேரம் கழித்துக் காய்ச்சலோடு வரும், நுரையீரலின் சதையையே பாதிக்கும். அதற்குச் சிடி ஸ்கேனும் வேறு டெஸ்டுகளும் வேண்டும். பையனை டாக்டரிடம் அனுப்பி வைத்தோம். மீட்டர் நன்றாகக் காட்டுகிறது என்பதற்காகக் காய்ச்சலை அலட்சியம் செய்யாதீர்கள்.

"கிராமத்துல வளர்ந்தவனுக்கு வீசிங் வராது" என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு பங்கு உண்மையும் இருக்கிறது. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று விவசாயம் செய்யும் இரண்டு கிறிஸ்தவச் சமூகங்கள் உண்டு. மாட்டுத் தொழுவத்தை ஒட்டி வளரும் ஆமிஷ் குழந்தைகளில் ஆஸ்துமா சுமார் 5 சதவீதம், மிஷின் வைத்துப் பெரிய அளவில் விவசாயம் செய்யும் ஹட்டரைட் குழந்தைகளில் 21 சதவீதம் என்று 2016-ல் ஒரு ஆராய்ச்சி வந்தது. அது குழந்தைப் பருவத்துக் கதை. நாற்பது வயசில் கருக்காய்த் தூசியைக் கிலோக் கணக்கில் விழுங்குகிறவனை அது காப்பாற்றாது. பூச்சிமருந்து அடிப்பவர்களுக்கு வேறு தொல்லை. அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993-லிருந்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள், அவர்கள் குடும்பத்தார், மருந்து அடிக்கும் தொழிலாளிகளைத் தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். அதில் சில பூச்சிமருந்துகளுக்கும் மூச்சிரைப்புக்கும் தொடர்பு தெரிந்திருக்கிறது.

மீட்டரோடு சேர்த்து வாங்கியது வால்வு வைத்த என்95 மாஸ்க். முகத்தில் கட்டும் துண்டு பெரிய தூசியைத்தான் தடுக்கும், நுண் தூசி தாராளமாக உள்ளே போகும். மாஸ்க் போட்ட நாட்களில் என் ராத்திரி அளவு 400-க்குக் கீழே போகவில்லை. வியர்வையில் ஊறினால் மாற்ற வேண்டும், தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும். நான் தாடியை எடுத்துவிட்டேன், வீட்டில் சந்தோஷம். மருந்து அடிக்க மட்டும் இது உதவாது. ஆவியைத் தடுக்கும் டப்பா மாட்டிய மாஸ்க் தனியாக இருக்கிறது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒன்று குறைத்தது அந்த ஆங்கிலத் தாளுக்காக. மிஷின் டிரைவர், தூற்றும் இயந்திரத்தில் நிற்பவர், கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குபவர், கோழிப்பண்ணை ஆள் யாருக்கு வேலை நாளில் மட்டும் நெஞ்சு இறுக்குகிறதோ அவர்கள் வாங்கலாம். வாங்கும்போது கடையிலேயே முள்ளை மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள், தடங்கல் இல்லாமல் நகர வேண்டும். பெரியவர்களுக்கான அளவா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கானது 400-லேயே முடிந்துவிடும், எனக்கு முதலில் அதைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள். நோட்டும் பேனாவும் தனிச் செலவு.