பக்கவாத மரபணுப் பேக்கேஜ்: 12,000 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

ரத்தம் எடுக்க வந்த பெண்ணுக்கு ஐந்து நட்சத்திரம். கையில் கிடைத்த அறிக்கைக்கு இரண்டு. அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தபிறகு மைனி தூங்கவில்லை, பயலுக்கும் வந்துவிடுமோ என்று. அதனால்தான் அண்ணன் மகனுக்கும் எனக்கும் தலைக்கு 6,000 ரூபாய் கட்டி இந்தப் பரிசோதனையை எடுத்தோம். கலெக்‌ஷன் சென்டர் மார்த்தாண்டத்தில், லேப் வெளியூரில். இதே மாதிரி பேக்கேஜைப் பல கம்பெனிகள் விற்கின்றன, ஆகவே பெயர் போடவில்லை. நான் பிளஸ் டூ மாணவர்களுக்கு விலங்கியல் பாடம் எடுக்கிறவள். அறிக்கையை வரி விடாமல் படித்தேன்.

அந்தப் பெண் சொன்ன நேரத்துக்குக் களியக்காவிளையில் எங்கள் வீட்டுக்கே வந்தார். ஊதா மூடிக் குழாயில் பெயர், வயது ஒட்டி, எங்களையே வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். "டீச்சரே, கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, பஞ்சை எடுத்துப் பார்த்த பிறகுதான் கிளம்பினார். அறிக்கையும் சொன்ன தேதியில் வந்தது.

அறிக்கையில் ஆன்டி ஆக்சிடன்ட், அதாவது செல்லை அரிக்கும் வீரிய மூலக்கூறுகளை அடக்கும் வேலையோடு தொடர்புள்ள மரபணுக்களின் பட்டியல்: எஸ்ஓடி2, ஜிபிஎக்ஸ்1, பிஓஎன்1, ஜிஎஸ்டிஎம்1, என்ஆர்எஃப்2. ஒவ்வொன்றுக்கும் எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு. "இது செவப்பா கெடக்கே, பயலுக்கும் வருமா பிள்ளே?" என்று மைனி விரலை வைத்துக் கேட்டார். பயலுக்கு ஜிபிஎக்ஸ்1 சிவப்பு, எஸ்ஓடி2 பச்சை.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாயை ரத்தக்கட்டி அடைத்தால் அங்குள்ள செல்களுக்கு ஆக்சிஜனும் குளுக்கோஸும் நின்றுபோகும். அடைப்பு நீங்கி ரத்தம் திரும்பப் பாயும்போது சூப்பராக்சைடு என்ற வீரியமுள்ள மூலக்கூறு பெருகி, செல்லின் கொழுப்பையும் புரதத்தையும் டிஎன்ஏவையும் தாக்கும். எஸ்ஓடி நொதி சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். அதைத் தண்ணீராக்கி முடிப்பது கேட்டலேஸ், ஜிபிஎக்ஸ் என்ற நொதிகள். முதல் நொதி வேகமாக ஓடி அடுத்தது பின்தங்கினால் நடுவில் பெராக்சைடு தேங்கும். அப்படியிருக்க, எஸ்ஓடி2-க்குத் தனியாகப் பச்சை அடித்து என்ன பயன்? இரண்டையும் சேர்த்துப் படிக்க அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

பிஓஎன்1 விஷயமும் இப்படித்தான். கல்லீரலில் உருவாகி, ரத்தத்தில் நல்ல கொழுப்போடு ஒட்டிக்கொண்டு ஓடுகிற நொதி அது. ஒரே மரபணு வகை உள்ளவர்களிடையேகூட அதன் செயல்பாடு பல மடங்கு மாறுபடும். இவர்கள் மரபணு எழுத்தை மட்டும் படித்தார்கள், நொதியை அளக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது கடைசிப் பக்கத்தைப் பார்த்தபோதுதான். சிவப்பு விழுந்தவர்களுக்கு என்று அவர்களே விற்கும் ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரையின் விளம்பரம். எஸ்ஓடி நொதியின் இன்னொரு வகையான எஸ்ஓடி1 கூடுதலாக உள்ள எலிகளில் மூளைச் சேதம் குறைந்தது உண்மை. ஆனால் மனிதர்களில் கதை வேறு. இந்த மாதிரி வீரிய மூலக்கூறுகளைப் பிடித்து அடக்கும் என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்துக்கு 2006-இல் வந்த முதல் பெரிய ஆய்வு நம்பிக்கை தந்தது. அடுத்த, அதைவிடப் பெரிய ஆய்வில் பயன் இல்லை என்று தெரிந்து கைவிட்டார்கள். இதயநோய் ஆபத்து அதிகமுள்ள 9,500-க்கும் மேற்பட்டவர்களுக்கு வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்த ஹோப் ஆய்வு 2000-இல் வெளியானது. பக்கவாதம் குறையவில்லை. இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய கம்பெனி, பயந்துபோயிருக்கும் குடும்பத்திடம் மாத்திரை விற்கக் கூடாது.

2022-இல் 1,10,000-க்கும் மேற்பட்ட பக்கவாத நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து, ஆபத்தோடு தொடர்புள்ள 89 இடங்களை டிஎன்ஏவில் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. அவற்றில் பல ரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, ரத்த உறைவு ஆகியவற்றோடு சேர்ந்தவை. எங்கள் அண்ணனுக்கு என்ன நடந்தது என்பதற்கு மரபணு தேடவே வேண்டாம்: பிரஷர் மாத்திரையைத் தலைசுற்றுகிறது என்று நிறுத்திவிட்டார். காலையில் கை மரத்தபோது, படுத்த வாக்கு சரியில்லை என்று நினைத்துச் சாயா குடித்துவிட்டுத் திரும்பப் படுத்தார். வாய் கோணிய பிறகுதான் வண்டி பிடித்தோம். பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று நெரிசலில் ஊர்ந்து திருவனந்தபுரம் சேர்ந்தபோது, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரம் தாண்டிவிட்டது.

முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதை அந்த அறிக்கை எங்கேயும் சொல்லவில்லை. அட்டையிலேயே பெரிதாக அச்சடித்திருக்க வேண்டிய விஷயம்.

அறிக்கையை விளக்கக் கம்பெனி வைத்திருக்கும் ஆலோசகர் போனில் பொறுமையாகத் தமிழில் பேசினார், அதைச் சொல்லியாக வேண்டும். பயலுக்கு பி.பி., சுகர், கொலஸ்ட்ரால் பார்த்தீர்களா என்று முதலில் கேட்டவர் அவர்தான். பார்த்தோம், 26 வயதில் பி.பி. 150/96. இப்போது டாக்டரிடம் காட்டி, உப்பைக் குறைத்து, வீட்டிலேயே மெஷினில் அளந்து எழுதி வைக்கிறான்.

உங்கள் குடும்பத்தில் பி.பி., சுகர் எதுவுமில்லாமல் இளவயதிலேயே பக்கவாதம் வந்திருந்தால் மரபணுச் சோதனை தேவைப்படலாம். ஆனால் அது நாட்ச்3 போன்ற ஒரே ஒரு மரபணுவின் கோளாறால் வரும் நோய்களுக்கான வேறு சோதனை. அதை நரம்பியல் டாக்டர் எழுதித் தர வேண்டும், இந்தப் பேக்கேஜில் அது இல்லை.